ஏழு நாள் முகாமுக்கு வேண்டிய சாமான்கள்

இருபத்தாறு வருஷமாக நான் மற்றவர்களின் முகாமுக்குத் திட்டம் போட்டுக் கொடுக்கிறவன். எத்தனை பேர், எத்தனை நாள், எத்தனை கழுதை என்று மட்டும் சொன்னால் போதும். எத்தனை கிலோ உருளைக்கிழங்கு, எத்தனை முட்டை, எத்தனை சுருள் கழிப்பறைக் காகிதம் என்று நின்ற இடத்திலேயே சொல்லிவிடுவேன். எங்கள் மலை ஊரான உவாராஸில் என்னைவிட நன்றாகச் சமைக்கிறவன் இருக்கலாம். என்னைவிட நன்றாகப் பட்டியல் போடுகிறவன் கிடையாது. ஒரு தடவை ஒரு வெள்ளைக்காரர் மடக்கு நாற்காலி இரண்டும் தலையணை நான்கும் வேண்டும் என்றார். ஏற்றினேன். கழுதை என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

எங்கள் ஆட்கள் யாரும் என்னிடம் வந்து முகாம் போட வேண்டும் என்று கேட்டதே இல்லை. எங்களுக்கு எதற்கு முகாம்? மாடு தொலைந்தால் மலையில் படுப்போம், கூலி கிடைத்தால் படுப்போம். சும்மா போய்க் குளிரில் படுத்து வருவதற்கு எங்கள் ஊரில் பைத்தியம் பிடித்தவன்கூடச் சம்மதிக்க மாட்டான்.

ஆகவே ஏப்ரல் மாதக் கடைசியில், மழை ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் பூசை முடிந்து டிக்னா நேராக என் வீட்டு முற்றத்துக்கு வந்து, ஏழு நாள் முகாமுக்குப் பட்டியல் வேண்டும் என்றபோது, அவளுக்கு ஏதோ பயணக் குழுவில் வேலை கிடைத்திருக்கிறது என்றுதான் நினைத்தேன். டிக்னா என் தம்பி அபிலியோவின் மனைவி. கழுதைக்காரக் குடும்பத்தில் பிறந்தவள். சுமை கட்டுவதில் இந்தப் பள்ளத்தாக்கில் அவளை மிஞ்ச ஆள் இல்லை.

"யாருக்கும்மா?" என்றேன்.

"நமக்குத்தான் மச்சான். நீங்க, நான், லவுரோ. ரெண்டு கழுதை." ஒரு மூச்சு விட்டுவிட்டுச் சொன்னாள்: "லவுரோ அவரப் பாத்திருக்கான்."

லவுரோ மலை வழிகாட்டி, உரிமம் உள்ளவன், எங்கள் தெருப் பையன். முந்தின வாரம் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு கறுப்பு ஏரிக்கு மேலே போயிருக்கிறான். ஏரியை நோக்கி நீண்ட பனிப்பாறையின் நாக்கு வருஷா வருஷம் மேலே மேலே சுருங்கிக்கொண்டே போகிறது. போன வருஷம் பனி இருந்த இடத்தில் இந்த வருஷம் வெறும் பாறையும் சேறும். அந்தச் சேற்றுக்கும் பனிக்கும் நடுவில் ஒரு பூட்ஸ் தெரிந்திருக்கிறது. அதற்கு மேலே சிவப்புத் துணியில் கால்சட்டை. பூட்ஸின் அடியில் இரும்பு. லவுரோ சிலுவை போட்டுக்கொண்டு, சுற்றிலும் கல் அடுக்கி அடையாளம் வைத்துவிட்டு இறங்கி வந்துவிட்டான். அந்தப் பனியில் விழுந்து காணாமல் போனவன் ஒரே ஒருவன்தான், என் தம்பி. அந்தச் சிவப்புக் கால்சட்டையைத் தைத்தது டிக்னா.

தம்பி கிடைத்துவிட்டான் என்று கேட்டதும் நான் அழுதிருக்க வேண்டும். எனக்கு அழுகை வரவில்லை. "இரும்பு" என்ற சொல்லுக்கு மேல் அவள் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை.

அந்த இரும்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பனிக்கட்டியில் நடக்க பூட்ஸுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும் கூர்ப்பற்கள் அவை. நாங்கள் காலிரும்பு என்போம். எங்கள் வீட்டில் இரண்டு ஜோடி இருந்தன. ஒன்று பழசு, முன்னும் பின்னும் தோல் வார் போட்டுக் கட்டுவது. இன்னொன்று புதுசு, ஒரு ஜெர்மன்காரர் ஊருக்குப் போகும்போது அண்ணன் தம்பி இருவருக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போனது. மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வோம். ஒன்பது வருஷத்துக்கு முன் அந்த ஆகஸ்ட் மாதம் புதுசு போட்டுக்கொள்ளும் முறை அபிலியோவுடையது.

அதற்கு அடுத்த வாரம் எனக்கு வழிகாட்டித் தேர்வு இருந்தது. தேர்வு நடத்துகிறவர்கள் முதலில் பார்ப்பது இரும்பின் பற்களைத்தான். நான் இரண்டு நாள் உட்கார்ந்து அரம் போட்டுப் புதுசின் ஒவ்வொரு பல்லையும் கூராக்கி வைத்திருந்தேன். அதைத் தம்பி பாறையில் தேய்த்து மழுக்கிவிடுவானோ என்று மனம் கணக்குப் போட்டது. "ரெண்டாவது முகாம் வரைக்கும் மூட்டை தூக்கத்தானே போற, வெறும் பனித்தூள்தான், பழசு போதும்டா" என்றேன். முன் வார் அறுந்திருந்தது. கம்பி போட்டுக் கட்டிக்கொள் என்றேன். பின் வாரை நானே இழுத்துப் பார்த்து, இது இன்னும் பத்து வருஷம் தாங்கும் என்று சான்றிதழும் கொடுத்தேன். அவன் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டு போனான். அவன் எதற்கும் சண்டை போடாதவன்.

நானும் அந்தப் பயணத்தில் சமையல்காரனாகப் போயிருந்தேன். ஏரிக்கரை முகாமில் நான் சூப் கிண்டிக்கொண்டிருந்த நேரத்தில், மேலே வெயில் நன்றாக இருக்கிறதென்று வந்தவர்கள் ஆசைப்பட்டு, பனிச்சரிவைக் குறுக்கே கடந்திருக்கிறார்கள். சுமைக்காரர்களுக்குக் கயிறு கிடையாது. நடுச்சரிவில் அபிலியோ எதையோ கட்டிக்கொள்வதுபோலக் குனிந்து உட்கார்ந்தான், அப்படியே வழுக்கிப் போனான் என்றார்கள். கீழே ஆழமான பனி வெடிப்பு. மூன்று நாள் தேடினோம். புதுப் பனி விழுந்து வெடிப்பை மூடிவிட்டது.

போலீஸ்காரர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, இறந்தவர் என்ன இரும்பு போட்டிருந்தார் என்பது. "புதுசு. லாரி ஏறும்போது மனசு கேக்காம என்னோடத கழட்டிக் குடுத்தேன். பழச ஆத்துல எறிஞ்சிட்டேன்" என்று என் வாய் சொல்லியது. யோசித்துச் சொல்லவில்லை. பயத்தில் வந்தது. ஆனால் சொன்ன அடுத்த நிமிஷம் பக்கத்தில் நின்றவர்கள் என் தோளைப் பிடித்தார்கள். இப்படி ஒரு அண்ணனா என்றார்கள். அதற்குப் பிறகு எங்கே திருப்பி எடுப்பது?

வீட்டுக்கு வந்ததும் அந்தப் புது இரும்பை எண்ணெய்த்துணியில் சுற்றி, கினிப்பன்றிக் கூட்டின் கல்லுக்கு அடியில் புதைத்தேன். செத்தவன் காலில் இருக்கிற இரும்பை மாட்டிக்கொண்டு நான் எப்படித் தேர்வுக்குப் போவது? தம்பி போன துக்கத்தில் மனம் ஒப்பவில்லை என்று சொன்னேன். அதற்கும் பாராட்டினார்கள். எந்தத் தேர்வுக்காகத் தம்பிக்கு ஓட்டை இரும்பைக் கொடுத்தேனோ, அந்தத் தேர்வை இன்றுவரை நான் எழுதவில்லை. சமையல்காரனாகவே இருந்துவிட்டேன்.

உடல் கிடைக்காததால் அவன் துணிகளை மேசைமேல் பரப்பி விழித்திருந்தோம். அவற்றையே பெட்டியில் வைத்துப் புதைத்தோம். எங்கள் வழக்கப்படி ஐந்தாம் நாள் செத்தவரின் துணியை ஓடும் நீரில் துவைக்க வேண்டும். துவைத்தால்தான் உயிர் வழியைப் பார்த்துப் போகும். ஆனால் அவன் கடைசியாக உடுத்திய துணி பனிக்குள் அல்லவா இருந்தது? டிக்னாவுக்கு அது பெரிய குறை. ஒன்பது வருஷமாக அவள் வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "அவரு இன்னும் கெளம்பலயே" என்பாள்.

என்னிடம் அவள் நடந்துகொண்ட விதத்தைச் சொன்னால் எனக்கே நாக்கு கூசும். ஒவ்வொரு நவம்பரிலும் ஆன்மாக்கள் நாளில் குழந்தை உருவத்தில் ரொட்டி சுடுவார்கள். அடுப்பிலிருந்து வரும் முதல் ரொட்டி செத்தவருக்கு. டிக்னா இரண்டாவதைத் துணியில் சுற்றிச் சூடாக என் வீட்டுக்குக் கொண்டுவருவாள். "உங்க காலக் கழட்டி அவருக்குக் குடுத்தீங்க மச்சான்" என்பாள். ஒன்பது ரொட்டி தின்றிருக்கிறேன். ஒன்றுகூட எளிதாக இறங்கவில்லை. மறுநாள் கல்லைப் புரட்டி, இரும்பை எடுத்து, துரு பிடிக்காமல் ஆட்டுக்கொழுப்பு தடவி மறுபடி வைப்பேன்.

இப்போது மலை அவனைத் திருப்பிக் கொடுக்கிறது, கம்பி கட்டிய இரும்போடு.

டிக்னா எல்லாவற்றையும் முன்பே விசாரித்து வைத்திருந்தாள். சாவுகளை விசாரிக்கும் அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில், தங்கள் ஆட்கள் ஜூனில்தான் மேலே போக முடியும், உரிமம் உள்ள வழிகாட்டியோடு குடும்பத்தாரே போய் எடுத்து வந்தாலும் சரி, எடுப்பதற்கு முன்பு எல்லாவற்றையும் படம் பிடித்துவிட வேண்டும் என்று கடிதம் கொடுத்திருந்தார்கள். ஜூன் வரை காத்திருந்தால் நரி விடாது. ஒரு நாள் ஏற, கண்ட நாளிலிருந்து ஐந்து நாள் அங்கேயே தங்க, ஐந்தாம் நாள் அந்தப் பனியிலிருந்து வரும் ஓடையிலேயே துணியைத் துவைக்க, மறுநாள் இறங்க. ஏழு நாள் கணக்கு அதுதான்.

நான் என் கணக்கைப் போட்டேன். ஏரிக்கரையில் கூடாரம். டிக்னா அங்கே இருக்கட்டும். லவுரோவைக் கழுதைகளோடு ஏரி முனையில் நிறுத்திவிட்டு, நான் வழி பார்க்கிறேன் என்று அரை மணி நேரம் முன்னால் போக வேண்டும். கம்பியை வெட்டிப் பழைய இரும்பைக் கழற்றி ஏரியில் எறிந்துவிட்டு, புதுசை மாட்டிவிட வேண்டும். அரை மணி நேரம் போதும். சூப்பு கொதிக்கிற நேரம்.

இதை எழுதும்போது என் கை கூசுகிறது. ஆனால் அன்று, காகிதத்தையும் பென்சிலையும் வைத்துக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்தபோது, எனக்கு வந்தது கூச்சம் அல்ல, சுறுசுறுப்பு. மண்ணெண்ணெய், ஸ்டவ், இரண்டு கூடாரம், தார்ப்பாய், மெல்லுவதற்குக் கொக்கா இலை, சாராயம், வறுத்த சோளம், பாலாடைக்கட்டி, மெழுகுவத்தி, துணி துவைக்கச் சோப்பு, புதுச் சாக்கு, வெள்ளைப் போர்வை ஒன்று. என் வாழ்நாளில் அப்படி அக்கறையாக ஒரு பட்டியல் போட்டதில்லை.

மேலே அவள் வர வேண்டியதில்லை என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். உயரம் என்றேன், சேறு என்றேன், ஒன்பது வருஷம் கழித்துப் பார்க்கிற முகமா அது என்றேன். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, தான் வருவதாகவே பேசினாள். முகத்தை மூடி வைத்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றேன்.

"மூஞ்சியப் பாக்கணும்னு வரல மச்சான்," என்றாள். "காலப் பாக்கணும்."

ஏன் என்று கேட்டேன். அவள் சோளத்தைப் புடைக்கத் தொடங்கிவிட்டாள். பாதம் தொட்டுக் கும்பிடுவாள்போல என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பயந்தவனுக்கு எல்லாச் சமாதானமும் பொருந்தும்.

லவுரோ அந்த வாரம் முழுக்க வந்து போனான். மலைக்குள் போக அனுமதி தரும் தேசியப் பூங்கா அலுவலகப் படிவத்தில் வருகையின் நோக்கம் என்ற இடத்தில் மலையேற்றம், முகாம், ஆராய்ச்சி என்று மூன்று கட்டம்தான் இருந்ததாம். இவன் எதற்குக் குறி போடுவது என்று விழித்திருக்கிறான். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் நல்லவள். கதையைக் கேட்டுவிட்டு, தானே முகாம் என்ற கட்டத்தில் குறி போட்டு, கட்டணம் வேண்டாம் என்று சொல்லி, முத்திரைக்கு வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறாள். "இருவத்தாறு வருஷத்துல மொத தடவையா நீங்களும் சுற்றுலாப் பயணி ஆயிட்டீங்க சமையக்காரரே, தொப்பி ஒண்ணு வாங்கிக்கங்க" என்று என்னைச் சீண்டினான். டிக்னாகூடச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

வெள்ளிக்கிழமை காலை, அவர்கள் வருவதற்கு முன்பு, கல்லைப் புரட்டி இரும்பை எடுத்தேன். பெரிய சூப்புப் பானைக்குள் அடியில் வைத்து, மேலே நூடுல்ஸ் பொட்டலங்களை அடைத்து, மூடியைக் கயிற்றால் கட்டினேன். பானையைச் சமையல் மூட்டைக்குள் வைத்து வாயைத் தைத்தேன். சமையல்காரனின் மூட்டையை யாரும் திறக்க மாட்டார்கள். அது எங்கள் தொழிலில் எழுதாத சட்டம்.

நான் மறந்தது ஒன்றே ஒன்று. சுமை ஏற்றுவது டிக்னா.

கழுதையின் இரண்டு பக்கமும் ஒரே எடை இருக்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் கழுதையின் முதுகு புண்ணாகும், மலைப்பாதையில் காலிடறும். நாங்கள் எல்லாரும் தராசுக் கொக்கியில் மாட்டிப் பார்ப்போம். டிக்னாவுக்குத் தராசு வேண்டாம். இரண்டு மூட்டையையும் இரண்டு கையில் தூக்கி, கண்ணை மூடி ஒரு நிமிஷம் நிற்பாள். அவ்வளவுதான். மதியம் வந்தாள். லவுரோ முத்திரை வாங்கப் போயிருந்தான். முற்றத்தில் நாங்கள் இருவர்தான். உருளைக்கிழங்கு மூட்டையை இடது கையிலும் என் சமையல் மூட்டையை வலது கையிலும் தூக்கிப் பார்த்தாள்.

"இது ரெண்டு கிலோ கூட இருக்கு," என்றாள்.

ஸ்டவ்வாக இருக்கும் என்றேன். ஸ்டவ் அந்தப் பக்க மூட்டையில் இருக்கிறது என்றாள். அப்படியானால் மண்ணெண்ணெய் என்றேன். மண்ணெண்ணெயைச் சாப்பாட்டோடு கட்டுகிற சமையல்காரரா நீங்கள் என்று கேட்டு, சிரித்துக்கொண்டே கத்தியால் தையலைப் பிரித்தாள். நான் இருக்கட்டும் இருக்கட்டும் என்றேன். கையை நீட்டினேன் என்று நினைக்கிறேன். பானையின் மூடியை அவிழ்த்து, நூடுல்ஸை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். கடைசியில் எண்ணெய்த்துணிப் பொட்டலம் வந்தது.

பிரித்தாள். வெயிலில் அந்தப் பற்கள் நேற்று வாங்கியதுபோலப் பளபளத்தன. ஒரு பல்லில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள். முகர்ந்து பார்த்தாள்.

"ஆட்டுக்கொழுப்பு," என்றாள்.

கூட்டுக்குள் கினிப்பன்றிகள் புல்லைக் கொறிக்கும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் மூட்டைமேல் உட்கார்ந்தாள். இரும்பு மடியில் இருந்தது.

"அப்ப அவரு பழசப் போட்டுக்கிட்டுத்தான் போனாரு," என்றாள். கேள்வி இல்லை.

"டிக்னா, நான் சொல்ல வந்தேன்..."

"எப்ப?"

அவள் திட்டுவாள், அடிப்பாள், தெருவைக் கூட்டுவாள் என்று காத்திருந்தேன். அதற்கெல்லாம் ஒன்பது வருஷமாகத் தயாராகத்தான் இருந்தேன். அவள் சொன்னதற்கு நான் தயாராக இல்லை.

"அந்தக் கம்பியக் கட்டினது நான்," என்றாள். "கெளம்புறதுக்கு மொத நாள். அவருக்குக் கை வரல. கோழிக்கூண்டுக் கம்பிய எடுத்து, பூட்ஸ மடியில வச்சிக்கிட்டு, அஞ்சு சுத்து சுத்திக் குடுத்தேன். போதுமான்னு கேட்டேன். ராணி மாதிரி கட்டிருக்கன்னாரு." மடியில் இருந்த இரும்பைத் திருப்பி வைத்தாள். "குனிஞ்சு எதையோ கட்டப் போனாருன்னு சொன்னப்பவே எனக்கு உசிரு போச்சு. என் கம்பிதான் அவுந்துருக்குன்னு நெனச்சேன். அப்பத்தான் நீங்க வந்து, புதுசக் குடுத்தேன்னு சொன்னீங்க."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அதுக்குத்தான் ரொட்டி குடுத்தேன். அவருக்குச் செஞ்சதுக்கு இல்ல. எனக்குச் செஞ்சதுக்கு. என் கம்பியக் காப்பாத்திக் குடுத்தீங்களே, அதுக்கு."

நம்பித்தான் இருந்தாளாம். ஆனால் முழுசாக நம்ப முடியாமல், வருஷத்தில் பாதி நாள் அது உண்மைதானா என்று புரண்டு புரண்டு படுத்தாளாம். பாதிரியாரிடம்கூடச் சொல்லவில்லை, சொன்னால் என்னைப் பொய்யன் என்று சொல்வதாகிவிடும் என்று. லவுரோ வந்து, பூட்ஸில் இரும்பு இருக்கிறது என்று சொன்ன நாளிலிருந்து அவளுக்கு ஒரே எண்ணம்தான். எந்த இரும்பு? கம்பி இருக்கிறதா, இல்லையா? இருந்தால் எத்தனை சுற்று இருக்கிறது?

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் ஏரியில் எறியப் போனது என் பொய்யை மட்டும் அல்ல. அவள் ஒன்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு இந்த உலகத்தில் இருக்கிற ஒரே பதிலையும்தான். என்மேல் எனக்கு அப்படி ஒரு அருவருப்பு வந்தது. மன்னித்துவிடு என்றேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை.

"பட்டியல எடு," என்றாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அன்றுதான் என்னை ஒருமையில் பேசினாள். "குறடு ஒண்ணுன்னு எழுது."

எழுதினேன்.

"நீதான் அவுக்கணும். நான் எண்ணணும். இந்த இரும்ப நீ மாட்டிக்கிட்டு வா. அவரு பாக்கட்டும்."

அவள் இரும்பைத் தரையில் வைத்துவிட்டு, நூடுல்ஸைத் திரும்பப் பானைக்குள் அடைத்து, மூட்டையைத் தைத்து, இரண்டு கையிலும் தூக்கிப் பார்த்தாள். இப்போது சரியாக இருந்தது. அதே நேரத்தில் லவுரோ முத்திரை போட்ட படிவத்தை ஆட்டிக்கொண்டு வாசலில் நுழைந்தான். தரையில் கிடந்த இரும்பைப் பார்த்தான். எடுத்துப் புரட்டினான்.

"அடேயப்பா, பழைய ஜெர்மன் சரக்கு. யாரோடது?"

டிக்னா கயிறு இறுக்கிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. லவுரோ என்னைப் பார்த்தான். அவன் வயசுப் பையன்கள் எல்லாருக்கும் நான்தான் உதாரணம், கால் கழற்றிக் கொடுத்த அண்ணன்.

"அபிலியோவோடது," என்றேன். "அன்னிக்கு அவன் போட்டுக்கிட்டிருக்க வேண்டியது. நான் குடுக்கல."

லவுரோ முதலில் சிரித்தான், ஏதோ வேடிக்கை என்று. பிறகு டிக்னாவின் முதுகைப் பார்த்தான். இரும்பை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, கழுதைக்குத் தண்ணீர் காட்டப் போனான். அதற்குப் பிறகு அவன் என்னைச் சீண்டியதே இல்லை.

மறுநாள் ஏறினோம். ஏரிக்கரையில், அன்று நான் சூப் கிண்டிய அதே மேட்டில், கூடாரம் போட்டோம். அடுத்த நாள் மதியத்துக்கு மேல் மூவரும் பனி முனைக்குப் போனோம். நான் புது இரும்பை மாட்டியிருந்தேன். ஒன்பது வருஷம் கழித்தும் அதன் பல் பனியை அழகாகக் கடித்தது.

கடிதத்தில் சொன்னபடி லவுரோ எல்லாவற்றையும் படம் பிடித்தான். பிறகு டிக்னா மண்டியிட்டு, பூட்ஸின்மேல் இருந்த சேற்றைத் தன் சால்வையால் துடைத்தாள். முன்பக்கத்தில் கம்பி இருந்தது. துருவேறிக் கறுத்து, ஆனால் இறுக்கமாக. அவள் சத்தமாக எண்ணினாள். ஐந்து சுற்று. மறுபடி எண்ணினாள். ஐந்து.

அறுந்திருந்தது பின் வார். இன்னும் பத்து வருஷம் தாங்கும் என்று நான் இழுத்துப் பார்த்துக் கொடுத்த வார்.

குறடு இல்லாமல் அந்தக் கம்பி அவிழ்ந்திருக்காது. அவ்வளவு நன்றாகக் கட்டியிருந்தாள். ஐந்து சுற்றையும் நான் அவிழ்த்தேன். விரல் வெடித்து ரத்தம் வந்தது. அவள் அந்தக் கம்பியை வாங்கி மடித்து மார்புச் சட்டைக்குள் வைத்துக்கொண்டாள். வாரை என் கையில் கொடுத்தாள்.

ஐந்தாம் நாள் ஓடையில் துணி துவைத்தாள். துவைக்கும்போது வாய்விட்டு அழுதாள், மலை எதிரொலிக்கும்படி. அது பாரம் இறங்கியவளின் அழுகை. எனக்கு அந்த அழுகை வாய்க்கவில்லை. நான் சமையல் கூடாரத்தில் சூப் கிண்டிக்கொண்டிருந்தேன்.

நவம்பரில் ஆன்மாக்கள் நாள் வந்தது. விடியற்காலையிலேயே அவள் வீட்டு அடுப்பிலிருந்து ரொட்டி வாசனை தெரு முழுக்க வந்தது. மதியம் வரை வாசலில் உட்கார்ந்திருந்தேன். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.